இதயத்தின் கையெழுத்தைப் படித்தவர்

குழந்தைகளே, மருத்துவமனைக்குப் போய்விட்டு வரும் தாத்தாவின் ஃபைலில் நீளமான ஒரு தாளைப் பார்த்திருப்பீர்கள். கணக்கு நோட்டைப் போலக் கட்டம் கட்டமாக இருக்கும். அதன்மேல் ஒரு கறுப்புக் கோடு ஓடும். முதலில் சின்ன மேடு, அடுத்து ஊசி போல உயர்ந்த சிகரம், மறுபடியும் ஒரு மேடு என்று ஏறி இறங்கிக்கொண்டே போகும். அதைத்தான் ஈ.சி.ஜி. என்கிறார்கள். எலக்ட்ரோ கார்டியோகிராம் என்பதன் சுருக்கம் அது. தமிழில் இதய மின்வரைபடம்.

நமக்கு அது வெறும் கிறுக்கலாகத் தெரியும். டாக்டரோ கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கிறது, தாளம் தப்பாமல் துடிக்கிறதா, கோளாறு என்றால் எந்த இடத்தில் என்றெல்லாம் சொல்லிவிடுவார். சென்னையில் எடுத்த தாளை ஜப்பானில் இருக்கும் டாக்டரும் படிப்பார், பிரேசிலில் இருக்கும் டாக்டரும் படிப்பார். எல்லோருக்கும் ஒரே எழுத்து, ஒரே அளவு! இதயம் எழுதும் அந்த எழுத்துக்கு அரிச்சுவடி அமைத்துக் கொடுத்தவர், நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த வில்லெம் ஐந்தோவன். அவருடைய கதையைப் பார்ப்போமா?

ஜாவா தீவில் பிறந்தவர்

ஐந்தோவன் பிறந்தது ஐரோப்பாவில் அல்ல, நம் ஆசியாவில்தான்! இன்றைய இந்தோனேசியாவில் உள்ள ஜாவா தீவின் வடக்குக் கரையில் செமராங் என்றொரு துறைமுக நகரம் இருக்கிறது. அங்கே 1860-ஆம் ஆண்டு மே 21-ஆம் தேதி அவர் பிறந்தார். அப்போது அந்தத் தீவுகளை டச்சுக்காரர்கள் ஆண்டு வந்தார்கள். தந்தை ஜேக்கப் ஐந்தோவன் ராணுவத்தில் டாக்டராக இருந்தவர். பிறகு செமராங் நகரிலேயே மருத்துவம் பார்த்தார். வீட்டில் மூன்று பெண்கள், மூன்று பையன்கள் என்று ஆறு குழந்தைகள். வில்லெம் மூன்றாவது குழந்தை, பையன்களில் மூத்தவர்.

வில்லெமுக்கு ஆறு வயது ஆனபோது தந்தை இறந்துபோனார். ஆறு குழந்தைகளையும் வைத்துக்கொண்டு தாய் நான்கு ஆண்டுகள் அங்கேயே சமாளித்தார். அதன்பின் சொந்த நாட்டுக்கே திரும்பிவிடுவது என்று முடிவு செய்தார். குழந்தைகளுடன் கப்பலேறி நெதர்லாந்து வந்து, உட்ரெக்ட் என்ற நகரில் குடியேறினார். வில்லெமுக்கு அப்போது பத்து வயது.

பள்ளிப் படிப்பை முடித்ததும், அப்பாவைப் போலத் தானும் டாக்டராக வேண்டும் என்று 1878-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

உடைந்த கையும் ஒரு பாடம்

ஐந்தோவன் எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். விளையாட்டில் அவருக்கு அவ்வளவு ஆர்வம்! உடற்பயிற்சி, வாள் சண்டைச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். மாணவர்களுக்கான படகோட்டும் சங்கத்தைத் தொடங்கியவர்களிலும் ஒருவர். உடம்பைக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது என்று நண்பர்களிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பாராம்.

ஒருமுறை விளையாடும்போது அடிபட்டு அவருடைய மணிக்கட்டு எலும்பு உடைந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் கட்டுப் போட்டுக்கொண்டு சும்மா படுத்திருப்பார்கள். ஐந்தோவனோ தன் கையையே பார்த்துக்கொண்டு யோசித்தார். உள்ளங்கையை மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் திருப்புகிறோமே, அப்போது முழங்கை மூட்டு எப்படி வேலை செய்கிறது? இதையே ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். அதுதான் அவருடைய முதல் ஆராய்ச்சி!

1885-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில், லெய்டன் பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 25-தான்! லெய்டன் என்ற பெயரை நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் கேள்விப்பட்டிருக்கலாம். சோழர் காலத்து ஆனைமங்கலச் செப்பேடுகள் அந்தப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் இருந்ததால்தான் அவற்றுக்கு லெய்டன் செப்பேடுகள் என்ற பெயர் வந்தது. அந்த ஊரில்தான் ஐந்தோவன் தம் வாழ்நாளின் மீதி 42 ஆண்டுகளையும் கழித்தார்.

உப்புத் தண்ணீரில் நின்ற நாய்

இதயம் துடிக்கும்போது மிக மிக மெல்லிய மின்சாரம் உண்டாகிறது என்பது அதற்கு முன்பே தெரிந்த செய்திதான். 1856-இல் கோலிக்கர், முல்லர் என்ற இரு அறிஞர்கள், துடித்துக்கொண்டிருக்கும் தவளை இதயத்தின் மேல் இன்னொரு தவளைக் காலின் நரம்பை வைத்துப் பார்த்தார்கள். இதயம் துடிக்கும்போதெல்லாம் அந்தக் காலும் துள்ளியது! இதயத்தின் மின்சாரம் நரம்பைத் தட்டி எழுப்பியதே காரணம்.

சரி, மனிதனின் நெஞ்சைத் திறக்காமல் அந்த மின்சாரத்தை எப்படிப் பார்ப்பது? லண்டனில் இருந்த அகஸ்டஸ் வாலர் என்பவர் 1887-இல் அதற்கு வழி கண்டுபிடித்தார். கேப்பிலரி எலக்ட்ரோமீட்டர் என்ற கருவியை அவர் பயன்படுத்தினார. மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் பாதரசம் இருக்கும். மின்சாரம் பட்டால் பாதரசம் லேசாக மேலும் கீழும் அசையும். அந்த அசைவின் நிழலை நகரும் புகைப்படத் தட்டில் பதிவு செய்ய வேண்டும். தட்டை எப்படி நகர்த்துவது? வாலர் அதை ஒரு பொம்மை ரயில் பெட்டியில் வைத்து ஓடவிட்டார்!

வாலருக்கு ஜிம்மி என்ற புல்டாக் நாய் ஒன்று இருந்தது. உப்புத் தண்ணீர் ஊற்றிய பாத்திரங்களில் ஜிம்மி சமர்த்தாகக் கால் வைத்து நிற்கும். தண்ணீரிலிருந்து வரும் கம்பிகள் கருவிக்குப் போகும். ஜிம்மியின் இதயத் துடிப்பு திரையில் தெரியும். 1909-இல் இப்படி ஒரு நிகழ்ச்சி நடந்தபோது, நாயைக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று பிரிட்டிஷ் பாராளுமன்றத்திலேயே கேள்வி எழுப்பிவிட்டார்கள். அதன் கழுத்தில் ஆணிகள் பதித்த பட்டை கட்டியிருந்ததாகப் புகார். விசாரித்தால், அது பித்தளைக் குமிழ் வைத்த சாதாரணக் கழுத்துப்பட்டை! தண்ணீரில் இருந்தது நாம் சமையலுக்குப் போடும் அதே உப்பு!

1889-இல் ஸ்விட்சர்லாந்து நாட்டின் பாசெல் நகரில் உடலியல் அறிஞர்களின் மாநாடு நடந்தது. அங்கே வாலர் தம் சோதனையைச் செய்து காட்டினார். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஐந்தோவனும் ஒருவர். இந்தக் கோடு நோயாளிகளுக்குப் பெரிதாகப் பயன்படும் என்று வாலரே அப்போது நினைக்கவில்லை. ஆனால், ஐந்தோவனின் மனத்தில் அந்தக் கோடு அப்படியே பதிந்துவிட்டது.

சோம்பேறிப் பாதரசம்

லெய்டனுக்குத் திரும்பிய ஐந்தோவன் அதே கருவியை வாங்கி வைத்துச் சோதனையைத் தொடங்கினார். தொல்லைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

முதல் தொல்லை தெருவில் இருந்து வந்தது. கல் பாவிய அந்தத் தெருவில் குதிரை வண்டிகள் கடகடவென்று ஓடும். வண்டி ஓடினால் கட்டடம் அதிரும், பாதரசமும் ஆடிவிடும்! ஆய்வுக்கூடத்தின் தரையை ஆழமாகத் தோண்டிப் பெரிய பெரிய கற்களைப் போட்டு, அதன்மேல் கருவியை வைத்துப் பார்த்தார். அப்போதும் அதிர்வு நிற்கவில்லை.

இரண்டாவது தொல்லை இன்னும் பெரியது. பாதரசம் கனமானது அல்லவா? இதயத்தின் மின்சாரம் சட்டென்று எழுந்து சட்டென்று விழும். பாதரசத்தால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. அது மெதுவாகத்தான் எழுந்தது, மெதுவாகத்தான் இறங்கியது. கூர்மையான சிகரங்கள் எல்லாம் மழுங்கிப்போய், ஏனோதானோவென்று ஒரு கோடு கிடைத்தது.

ஐந்தோவன் கணக்கைத் துணைக்கு அழைத்தார். தம்முடைய பாதரசம் எவ்வளவு மெதுவாக நகரும் என்பதை முதலில் அளந்தார். அந்தத் தாமதத்தைக் கழித்துவிட்டால் உண்மையான கோடு எப்படி இருக்கும் என்று ஒவ்வொரு புள்ளியாகக் கணக்குப் போட்டார். கால்குலேட்டரும் கம்ப்யூட்டரும் இல்லாத காலம். ஒரே ஒரு துடிப்பைத் திருத்தி வரையவே அத்தனை பாடு!

1895-இல் அவர் வெளியிட்ட திருத்திய கோட்டில் ஐந்து மேடு பள்ளங்கள் தெளிவாகத் தெரிந்தன. அவற்றுக்குப் பெயர் வைக்க வேண்டுமே? ஆங்கில எழுத்துகளில் முதலில் வருபவற்றைப் பாதரசம் வரைந்த கோட்டுக்கு வைத்திருந்தார். திருத்திய கோட்டுக்கு எழுத்து வரிசையின் நடுவிலிருந்து பி, க்யூ, ஆர், எஸ், டி என்ற ஐந்து எழுத்துகளை எடுத்தார். இன்றைக்கும் உலகம் முழுவதும் அதே பெயர்கள்தான்!

ஆனாலும், அது கணக்குப் போட்டு வரைந்த கோடு. உண்மையான இதயம் அப்படித்தான் எழுதுகிறது என்று எப்படி நம்புவது? கண்ணால் பார்த்தால்தானே நிச்சயம்! அதற்குப் பாதரசத்தைவிடச் சுறுசுறுப்பான கருவி வேண்டும். இருக்கும் கருவி போதவில்லை என்றால் புதிதாகச் செய்துவிடுவது என்று ஐந்தோவன் தீர்மானித்தார்.

அம்பு விட்டு இழுத்த நூல்

இதயம் தரும் மின்சாரம் எவ்வளவு தெரியுமா? தோலின் மேல் வரும்போது சுமார் ஒரு மில்லிவோல்ட். டார்ச் லைட்டில் போடும் பேட்டரி 1.5 வோல்ட். அதை 1500 பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு! இவ்வளவு சிறிய மின்சாரத்துக்கும் அசைய வேண்டுமானால், அசையும் பொருள் எடையே இல்லாதது போல இருக்க வேண்டும்.

ஒரு நூல் போதும் என்று ஐந்தோவன் நினைத்தார். சாதாரண நூல் அல்ல, குவார்ட்ஸ் என்னும் படிகக்கல்லை உருக்கி இழுத்த நூல். அதை இழுப்பதற்கு பாய்ஸ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி ஒரு வேடிக்கையான முறையைக் கண்டுபிடித்திருந்தார். குவார்ட்ஸை உருகும்வரை சூடாக்கி, அதை ஓர் அம்பின் வாலில் ஒட்டவைக்க வேண்டும். பிறகு வில்லில் நாணேற்றி அம்பை அறையின் அந்தக் கோடிக்கு விட வேண்டும். அம்பு பறக்கும் வேகத்தில் குவார்ட்ஸ் பாகு போல நீண்டு, கண்ணுக்குத் தெரியாத நூலாகிவிடும்! அறிவியல் ஆய்வுக்கூடத்தில் வில்வித்தை!

அந்த நூலின் தடிமன் சுமார் 0.002 மில்லிமீட்டர்தான். நம் தலைமுடி அதைவிட முப்பது, நாற்பது மடங்கு தடிமன். மின்சாரம் ஓடுவதற்காக நூலின் மேல் வெள்ளிப் பூச்சுப் பூசினார்கள். சக்தி வாய்ந்த மின்காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே அதை இழுத்துக் கட்டினார்கள். காந்தத்துக்கு நடுவில் இருக்கும் கம்பியில் மின்சாரம் ஓடினால் கம்பி ஒரு பக்கமாக நகரும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்களே, அதே தத்துவம்தான். இதயத்தின் மின்சாரம் வந்தவுடன் நூல் அசையும். அதன்மேல் பளிச்சென்று ஒளியைப் பாய்ச்சி, நிழலை மைக்ரோஸ்கோப் மூலம் பல நூறு மடங்கு பெரிதாக்கி, நகரும் புகைப்படத் தட்டில் விழச் செய்தார்கள். ஸ்டிரிங் கால்வனோமீட்டர் என்பது இந்தக் கருவியின் பெயர். 1901-இல் இதைப் பற்றிய முதல் கட்டுரை வெளிவந்தது.

நூல்தான் மெல்லியது, கருவியோ பூதம்! எடை சுமார் 270 கிலோ. இரண்டு அறைகளை அடைத்துக்கொண்டது. அதை இயக்க ஐந்து பேர் தேவைப்பட்டார்கள். காந்தம் சூடாகிவிடாமல் இருக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சோதனைக்கு வருபவர் இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர்ப் பாத்திரங்களில் வைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார வேண்டும்.

தட்டைக் கழுவிப் பார்த்தபோது கோடு தெரிந்தது. சின்ன மேடு, கூர்மையான சிகரம், மறுபடியும் ஒரு மேடு! சில ஆண்டுகளுக்கு முன் அவர் தாளில் கணக்குப் போட்டு வரைந்தாரே, அதே கோட்டை இப்போது இதயமே எழுதிக் காட்டியது. 1903-இல் ஐந்தோவன் இரண்டையும் ஒப்பிட்டு விரிவான கட்டுரை எழுதினார். அவருடைய கணக்கு தப்பவில்லை!

கட்டத்துக்குள் இருக்கிறது ரகசியம்

இந்த ஐந்து எழுத்துகளும் என்ன சொல்கின்றன? நம் இதயத்தில் மேலே இரண்டு அறைகள் ஆரிக்கிள்கள், கீழே இரண்டு அறைகள் வென்ட்ரிக்கிள்கள். மேல் அறைகளில் மின்சாரம் பரவும்போது எழும் சின்ன மேடுதான் பி. அந்த மின்சாரம் கீழ் அறைகளில் வேகமாகப் பரவும்போது எழும் ஊசிச் சிகரம் க்யூ, ஆர், எஸ். வேலை முடிந்து கீழ் அறைகள் அடுத்த துடிப்புக்குத் தயாராகும்போது வருவது டி. முதலில் மேல் அறை, ஒரு நொடிக்கும் குறைந்த இடைவெளி, பிறகு கீழ் அறை. இந்த ஒழுங்கு ஒவ்வொரு துடிப்பிலும் வரவேண்டும்.

எழுத்து இருந்தால் போதுமா? கோடு போட்ட நோட்டும் வேண்டாமா? ஆளுக்கொரு வேகத்தில், ஆளுக்கோர் உயரத்தில் பதிவு செய்தால் ஒருவர் எடுத்ததை இன்னொருவர் படிக்க முடியாது. ஐந்தோவன் அதற்கும் ஓர் அளவு வகுத்தார். படுக்கைவாட்டில் ஒரு மில்லிமீட்டர் என்றால் 0.04 நொடி. செங்குத்தாக ஒரு மில்லிமீட்டர் என்றால் மில்லிவோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு. ஒளிக்கு முன்னால் ஆரங்கள் உள்ள சக்கரத்தைச் சுழலவிட்டு, அவற்றின் நிழலால் நேரக் கோடுகளையும் தட்டிலேயே விழச் செய்தார். இன்று நாம் பார்க்கும் ஈ.சி.ஜி. தாளின் கட்டங்களும் அதே அளவில்தான் இருக்கின்றன!

சைக்கிளில் வந்தவரின் இதயம்

270 கிலோ கருவியை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. உடம்பு முடியாத நோயாளிகளை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து வருவதும் கஷ்டம். என்ன செய்யலாம்? மருத்துவமனை ஒன்றரை கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. நடுவே தொலைபேசிக் கம்பி இருந்தால் இதயத்தின் மின்சாரத்தையே அனுப்பிவிடலாமே என்று ஐந்தோவன் நினைத்தார்.

1905-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் தேதி முதல் சோதனை நடந்தது. ஆரோக்கியமான ஒருவர் மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தார். ஒன்றரை கிலோமீட்டருக்கு அப்பால் ஆய்வுக்கூடத்தில் நூல் அசைந்து அவருடைய இதயத் துடிப்பை எழுதியது. அவருடைய ஆர் சிகரங்கள் கொஞ்சம் உயரமாகவே இருந்தன. காரணம் என்ன தெரியுமா? அவர் அப்போதுதான் ஆய்வுக்கூடத்திலிருந்து மருத்துவமனைக்கு வேகமாகச் சைக்கிள் மிதித்துப் போயிருந்தார்! இன்று கிராமத்து ஆஸ்பத்திரியில் எடுக்கும் ஈ.சி.ஜி. செல்போன் வழியாக நகரத்து டாக்டருக்குப் போகிறதே, அதற்கு முன்னோடி இதுதான்.

இப்படிப் பல நோயாளிகளின் பதிவுகளைச் சேர்த்து, நல்ல இதயம் எப்படி எழுதும், நோயுற்ற இதயம் எப்படி எழுதும் என்று 1906-இல் ஐந்தோவன் எழுதினார். இதயத்தின் தாளத்தைக் கோட்டில் படிக்கும் கலை அங்கிருந்துதான் வளர்ந்தது.

அந்தக் கலையில் சிலவற்றை நாமும் தெரிந்துகொள்வோம். சிகரங்கள் சம இடைவெளியில் வரிசையாக வந்து, ஒவ்வொரு சிகரத்துக்கு முன்னாலும் பி மேடு இருந்தால் தாளம் சீராக இருக்கிறது என்று பொருள். வரிசைக்கு நடுவே ஒரு சிகரம் மட்டும் அவசரப்பட்டு முன்னதாக வந்தால், அது முந்திவந்த துடிப்பு. பி மேடே இல்லாமல் கோடு நடுங்கிக்கொண்டிருக்க, சிகரங்கள் இஷ்டத்துக்கு முன்னும் பின்னுமாக வந்தால், மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் படபடத்துக்கொண்டிருக்கின்றன. லண்டனில் தாமஸ் லூயிஸ் என்ற டாக்டர் 1909-இல் இதைக் கண்டறிந்தார்.

இன்னொன்று, பி மேடுகள் தம் வழியில் வேகமாகப் போக, சிகரங்கள் அவற்றோடு சேராமல் தனியாக, மெதுவாக வரும். மேல் அறைகளின் செய்தி கீழ் அறைகளுக்குப் போய்ச் சேரவில்லை என்பதை இது காட்டும். இதற்கு இதய அடைப்பு என்று பெயர். முன்பெல்லாம் இப்படிப்பட்டவர்கள் திடீர் திடீரென்று மயங்கி விழுவார்கள். 1958-இல் ஸ்வீடன் நாட்டில் ஒருவருடைய உடலுக்குள் பேஸ்மேக்கர் கருவியைப் பொருத்தினார்கள். இன்று அந்தக் கருவியால் எத்தனையோ பேர் நடமாடுகிறார்கள். யாருக்கு அது தேவை என்று சொல்வது இந்தக் கோடுதான்!

குழந்தைகளுக்கென்று ஒரு விசேஷமும் உண்டு. மூச்சை இழுக்கும்போது உங்கள் இதயம் கொஞ்சம் வேகமாகவும், விடும்போது கொஞ்சம் மெதுவாகவும் துடிக்கும். ஈ.சி.ஜி.யில் இடைவெளிகள் கூடிக் குறைந்து தெரியும். அது நோய் அல்ல. எது நோய், எது இயல்பு என்று பிரித்துப் பார்ப்பதற்குத்தான் டாக்டர்கள் ஆண்டுக்கணக்கில் பயிற்சி எடுக்கிறார்கள்.

கருவி ஊர் ஊராகப் போனது

ஐந்தோவனின் கருவியை முதலில் ஜெர்மனியில் ஒரு நிறுவனம் செய்து விற்றது. விற்கும் ஒவ்வொரு கருவிக்கும் அவருக்கு ஒரு தொகை தருவதாக ஏற்பாடு. கொஞ்ச நாளில், கருவியைத் தாங்களே மேம்படுத்திவிட்டதாகச் சொல்லிப் பணம் தருவதை நிறுத்திவிட்டார்கள். பிறகு இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் கருவி நிறுவனம் அதைச் செய்ய முன்வந்தது. அதை நடத்தியவர் ஹொரேஸ் டார்வின். பரிணாமக் கொள்கையைச் சொன்ன சார்லஸ் டார்வினின் மகன்தான் அவர்! 1911-இல் அந்தக் கருவி மேசைமேல் வைக்கும் அளவுக்குச் சுருங்கியது. 1928-இல் அமெரிக்காவில் கார் பேட்டரியில் ஓடும் சுமார் 23 கிலோ கருவி வந்தது. இன்று சட்டைப்பைக்குள் அடங்கும் கருவிகளும் வந்துவிட்டன.

பரிசில் பாதி

1924-இல் ஐந்தோவன் அமெரிக்காவில் சொற்பொழிவுகள் செய்துகொண்டிருந்தார். அப்போதுதான் அந்த ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் அவர் நோபல் உரை நிகழ்த்தினார். தாமஸ் லூயிஸின் உழைப்பு இல்லாவிட்டால் தாம் அந்த மேடையில் நின்றிருப்போமா என்பதே சந்தேகம் என்ற கருத்தை அங்கே வெளிப்படையாகச் சொன்னார். தம் கருவியைக் கொண்டு மற்றவர்கள் கண்டுபிடித்தவற்றையும் மனம் நிறையப் பாராட்டினார்.

அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் இன்னொரு செய்தியையும் சொல்கிறார்கள். அந்தப் பெரிய கருவியை அவர் தனியாகச் செய்யவில்லை. ஆய்வுக்கூடத்தில் இருந்த மெக்கானிக் ஒருவர் பல ஆண்டுகள் கூடவே உழைத்திருந்தார். பரிசுப் பணம் வந்ததும் ஐந்தோவன் அவரைத் தேடினார். ஆனால், அவர் இறந்துபோயிருந்தார். அவருடைய சகோதரிகள் இருவர் வறுமையில் வாடுவது தெரியவந்தது. பரிசில் பாதியை அவர்களுக்குக் கொடுத்துவிட்டாராம் ஐந்தோவன்!

அவருடைய மகனும் வில்லெம் என்ற பெயருடையவர்தான். அவர் மின்பொறியாளர் ஆனார். அப்பாவின் கருவியை வானொலிச் செய்திகளைப் பெறுவதற்கு ஏற்றபடி மாற்றி அமைத்தார். பின்னர் பாண்டுங் நகரில் வானொலி ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் ஆனார். பாண்டுங் எங்கே இருக்கிறது தெரியுமா? அப்பா பிறந்த அதே ஜாவா தீவில்!

1927-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் தேதி, 67-ஆவது வயதில் லெய்டன் நகரில் ஐந்தோவன் காலமானார்.

ஈ.சி.ஜி. தாளை இனிமேல் பார்க்கும்போது அதன் கட்டங்களையும் கவனியுங்கள். தரையைத் தோண்டியும் அதிர்வு நிற்கவில்லை, பாதரசம் வேகமாக ஓடவில்லை, உழைப்புக்குரிய பணமும் ஒழுங்காக வரவில்லை. இத்தனைக்கும் சலிக்காத ஒருவரின் பொறுமையால் நமக்குக் கிடைத்த கட்டங்கள் அவை!

நீங்களும் எண்ணிப் பாருங்கள்!

* ஈ.சி.ஜி. தாளில் ஐந்து சின்னக் கட்டங்கள் சேர்ந்தால் ஒரு பெரிய கட்டம். ஒரு சின்னக் கட்டம் 0.04 நொடி என்றால், ஒரு பெரிய கட்டம் 0.2 நொடி. ஐந்து பெரிய கட்டங்கள் ஒரு நொடி. அப்படியானால் ஒரு நிமிடத்துக்கு 300 பெரிய கட்டங்கள்!

* ஒரு ஆர் சிகரத்துக்கும் அடுத்த ஆர் சிகரத்துக்கும் நடுவே எத்தனை பெரிய கட்டங்கள் என்று எண்ணுங்கள். 300-ஐ அந்த எண்ணால் வகுத்தால் ஒரு நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று தெரிந்துவிடும். மூன்று கட்டம் என்றால் 100, நான்கு என்றால் 75, ஐந்து என்றால் 60. தாளம் சீராக இருந்தால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும்.

* பெரியவர்களுக்கு ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 துடிப்புகள் இருக்கும். சின்னக் குழந்தைகளுக்கு அதைவிட அதிகம்.

* தாள் இல்லாவிட்டால் என்ன? மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரல்களை வைத்து, ஒரு நிமிடம் நாடித் துடிப்பை எண்ணுங்கள். மாடிப்படி ஏறி இறங்கிய பிறகு மறுபடியும் எண்ணுங்கள். எவ்வளவு கூடியிருக்கிறது என்று நோட்டில் எழுதி வையுங்கள்!